காந்தம் புடிச்ச கை

ஏஞ்சாமி, மெஸ்ஸு சாமானத்தையெல்லாம் ஒரே எடையாப் போட்டுக்கறேன்னு பழைய இரும்புக் கடைக்காரங்கிட்டத் தலையாட்டிட்டு வந்துட்டியாமா? நாலு வருசம் மெக்கானிக்கல் படிச்ச புள்ளைக்கு, அவன் ஒரு துண்டுக் காந்தத்தக் காட்டுனதும் வாய் கட்டிப் போச்சுன்னா, உங்கொப்பன் கட்டுன பீசக் காலேஜுல போய்த் திருப்பிக் கேக்கோணும். "எல்லாம் ஒண்ணுதானுங் தம்பி, அள்ளிப் போடுங்"ன்னானாக்கும். அவனுக்கு எல்லாம் ஒண்ணு இல்ல. நீ பணத்த வாங்கிட்டு அக்கட்ட திரும்புனதும் அதையே அஞ்சு குமியாப் பிரிச்சு வெப்பான். அந்த வேலைய அவன் செஞ்சா காசு அவனுக்கு, நீ செஞ்சா உனக்கு. இதுல பெரிய ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனாலும் கேக்கோணும்னு வந்துட்டே, நானும் வெத்தலையப் போட்டுட்டேன், சித்தெ உக்காரு.

அனுப்பர்பாளையத்துல பட்டறை வெச்சிருந்தவன் உன்ற அப்பிச்சி. சதுரத் தகட்டுல வட்டம் வெட்டி, லேத்துல ஏத்தி, அச்சு மேல அழுத்தி அழுத்திக் குண்டாவாக்கி வித்த கை இது. சதுரத்துல வட்டம் வெட்டுனா எத்தன கழிவுன்னு சொல்லு பாக்கலாம், இஞ்சினீரு? போன எடுக்காதே. நூத்துக்கு இருவத்தொண்ணுக்குக் கொஞ்சம் மேல. அந்த நாலு மூலைத் துண்டையும் பட்டறைக்காரன் ஒருத்தனும் கூட்டித் தள்ள மாட்டான், சாக்குல கட்டி வெப்பான். அதே தகட்டுல செஞ்ச பழைய குண்டாவை விட அந்தத் துண்டுக்குக் கிலோவுக்கு வெல கூட. ஏன்னாக்க, அது என்ன தகடுன்னு பில்லு இருக்குது, ஒரே சாதி, அழுக்கில்ல, பிசுக்கில்ல. வாங்கறவனுக்கு எதுல சந்தேகமில்லையோ அதுக்குத்தான் அவன் வெல கொடுப்பான். சந்தேகம் இருந்தா அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வெல போட்டு உன்ற பணத்துல கழிச்சுக்குவான். உன்ற மெஸ்ஸு மூட்டையில சாமானத்த விடச் சந்தேகம்தான் நெறையக் கெடக்குது.

எவர்சில்வரு பூராவும் இரும்புதான். அதுல குரோமியம் நூத்துக்குப் பத்தரைக்கு மேல சேந்தா துருப் புடிக்காது. ஆனா கடையில வெல நிக்கறது குரோமியத்துல இல்ல, நிக்கல்ல. 304-ன்னு சொல்றாங்களே, அதுல குரோமியம் பதினெட்டு, நிக்கல் எட்டு. பழைய சாமானத்தத் திருப்பிப் பாத்தா '18/8'ன்னு வெட்டியிருப்பாங்க, அது இந்தக் கணக்குத்தான். 202-ல நிக்கல் நாலுல இருந்து ஆறு. கொறையற பக்கத்துக்கு மாங்கனீசப் போட்டு நெரப்பியிருக்கும். ஜே4-ன்னு ஒண்ணு நம்ம நாட்டுல பாத்திரத்துக்குன்னே ஓடுது, அதுல நிக்கல் ஒண்ணு, அவ்வளவுதான். 430-ல நிக்கலே கெடையாது. ஆக, நூறு கிலோ 304-ஐ உருக்குனா எட்டுக் கிலோ நிக்கல், நூறு கிலோ ஜே4-ஐ உருக்குனா ஒரு கிலோ. புளியப் போட்டுத் தேச்சு வெச்சா ரெண்டும் ஒரே பளபளப்பு. "எல்லாம் ஒண்ணுதானுங்"ன்னு அவன் எதுக்குச் சொன்னான்னு இப்பத் தெரியுதா?

இப்பக் காந்தத்துக்கு வருவம். காந்தம் பாவம், அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதப் புடிச்சிருக்கற கைதான் பேசும். அந்தக் கை எங்க போகுதுன்னு நீ பாத்துட்டே நிக்கோணும். நல்ல 304 குண்டாவை எடுப்பான், நேரா விளிம்பு சுருட்டுன எடத்துக்கும் அடி வளைவுக்கும் காந்தத்தக் கொண்டு போவான். லேசா இழுக்கும். "பாத்தீங்களா தம்பி, இரும்பு கலந்திருக்குது"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவான், எழவு வீட்டுக்கு வந்தாப்பல. அட கெரகமே, அது எவர்சில்வரு வளைஞ்சா வர்ற கொணம்! குளுந்த தகட்ட அழுத்தி இழுக்கறப்ப உள்ளுக்குள்ள அணு அடுக்கு கொஞ்சம் மாறும், மாறுன எடத்துல மட்டும் காந்தம் லேசா ஏறும். லேத்துல நிக்கறவனுக்கு இது காலேஜு போகாமயே தெரியும். நீ குண்டாவைக் கவுத்துப் போட்டு அடி நடுவுல காந்தத்த வெச்சுக் காட்டு. அங்க தகடு இழுபட்டிருக்காது. நடுவுல ஒட்டாம வளைவுல மட்டும் நோஞ்சானா இழுத்துதுன்னா, "அண்ணா, இது இழுத்த தகடுங், இரும்பில்லீங்"ன்னு சொல்லிட்டுப் பொட்டாட்ட நில்லு. அதுக்கு மேல பேசாதே. பேசுனா உன்ற காலேஜு வெளிய வந்துரும்.

டக்குனு ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குதுன்னா? அதுலயும் ரெண்டு இருக்குது. வெறும் இரும்பா இருக்கலாம், 430-ஆவும் இருக்கலாம். நிக்கல் இல்லாட்டியும் 430-ல குரோமியம் இருக்குதில்ல, இரும்பு வெலைக்குப் போகக் கூடாது. "காந்தம் ஒட்டுனா இரும்புதானுங்"ன்னு அவன் சாதிச்சான்னா, சட்டைச் சோப்புல இருந்து ஒரு ரூபாக் காச எடு. அதுல காந்தத்த ஒட்டு. பச்சக்குனு புடிக்கும். எம்பத்து மூணு இரும்பு, பதினேழு குரோமியம், இந்த எவர்சில்வரு வகையறாதான் அது. "அப்பறம் இதையும் இரும்புன்னுதான் கல்லாவுல போடறீங்களாங்ண்ணா?"ன்னு கேளு. சிரிப்பான். சிரிச்சுட்டான்னா வெல கொஞ்சம் ஏறும். அதுக்குன்னு எடை கூடட்டும்னு சில்லறையச் சாக்குல போட்டுராதே. நாணயத்த உருக்கறது 2011 சட்டத்துப்படி குத்தம். உனக்குச் சொல்லி வெக்கறது நல்லது, உங்கொப்பன் மூளை உனக்கு.

இதுல ஒரு வேடிக்கை கேளு. 202-லயும் ஜே4-லயும் காந்தம் ஒட்டாது. பாத்திரக் கடையில புதுசா வாங்கப் போனா, "பாருங்க, காந்தம் ஒட்டவே ஒட்டாது, அசல் எவர்சில்வரு"ன்னு நிக்கல் ஒண்ணு இருக்கறத உன்ற தலையில கட்டுவாங்க. அதே போசியப் பத்து வருசம் கழிச்சு விக்கப் போனா, "காந்தம் ஒட்டலைன்னா மட்டும் ஆச்சாங், இது 202-ங்"ம்பாங்க. வாங்கறப்ப ஒரு நாயம், விக்கறப்ப ஒரு நாயம், ரெண்டுக்கும் நடுவுல அதே காந்தம். அதனால காந்தம் இரும்பையும் 430-ஐயும் ஒதுக்கத்தான் ஒதவும். 304-ஐயும் 202-ஐயும் அது பிரிக்காது.

அதப் பிரிக்கறதுக்குச் சொட்டு மருந்து ஒண்ணு இருக்குது. கண்ணு மருந்துக் குப்பியாட்டம் சின்னக் குப்பியில வரும். பிசுக்குப் போகத் தொடச்சு, ஒரு சொட்டு விட்டு, ஒம்பது வோல்ட்டு பேட்டரியச் சித்தெ வெச்சு எடுத்தா, மாங்கனீசு கூடுன 202-ல செவப்பு ஏறும், 304-ல ஏறாது. ஒரு குப்பி வாங்கி வெச்சா மெஸ்ஸு சாமானம் பூராவும் பாத்துரலாம். பெரிய யார்டுல துப்பாக்கியாட்டம் ஒரு மெசின் வெச்சிருப்பாங்க, எக்ஸ்ரே பாய்ச்சி என்னென்ன எத்தன இருக்குதுன்னு திரையில காட்டிரும். அந்தத் துப்பாக்கி இருக்கற எடத்துல வாய்ச் சண்டையே இல்ல. ஆனா அவன் காட்டறப்ப நீயும் திரைய எட்டிப் பாரு. நிக்கல்னு போட்டிருக்கற எடத்துல என்ன எண்ணு நிக்குதுன்னு படி. உனக்குத்தான் இங்கிலீசு வருமே.

நம்ம சம்பந்தி வகையில ஒருத்தர், பேரு வேண்டாம், நல்ல மனுசன். சாயம் போடற மெசினப் பிரிச்சு, குழாயையும் தொட்டியையும் "நல்ல எவர்சில்வருங்க, 304"ன்னு பெருமையா வித்துட்டு வந்தாரு. வாங்குனவன் ஒரு பேரமும் பண்ணல. கேட்ட வெலைய எடுத்து வெச்சான். அங்கயே முழிச்சிருக்கோணும். சாயத்துலயும் உப்புத் தண்ணியிலயும் 304 நிக்காதுன்னுதான் திருப்பூர்ச் சாயப்பட்டறை மெசினெல்லாம் 316-ல பண்றாங்க. அதுல நிக்கல் பத்து, அதுபோக மாலிப்டினம் ரெண்டு. வெல 304-ஐத் தாண்டி நிக்கும். மெசின் வாங்குன பில்லுல 316 எல்-ன்னு அச்சடிச்சிருந்துது. பில்லு பீரோவுல இருந்துது, மனுசன் கடையில இருந்தாரு. கேட்ட வெலைய மறுபேச்சு பேசாமக் கொடுக்கற வியாபாரியப் பாத்தா, வண்டிய எடுத்துட்டு டீக்கடைக்குப் போயிரு. ஒரு டீயக் குடிச்சிட்டு யோசி.

சரி, உன்ற மூட்டைய அவுத்தா என்ன இருக்குது? கேஸ் அடுப்ப அப்படியேவா போடப் போறே? மேல தட்டு எவர்சில்வரு, அதுக்கடியில இரும்புச் சட்டம், பர்னரு பித்தளை. பித்தளை வெல எவர்சில்வர விட எத்தனையோ மடங்கு. அதக் கழட்டாம எவர்சில்வரு எடையில போட்டே, பர்னர அவனுக்கு மொய் வெச்சாப்பல. மிக்ஸி ஜாருல அடியும் கைப்பிடியும் வேற; கழட்டு. குக்கரு கைப்பிடிய ஸ்க்ரூ டிரைவருல கழட்ட ரெண்டு நிமிசம், கழட்டலைன்னா 'கழிவு'ன்னு சொல்லி அவன் வெட்டற எடை அந்தக் கைப்பிடியப் போல ரெண்டு மடங்கு இருக்கும். அடி கனமா இருக்கற இண்டக்சன் பாத்திரத்துக்குள்ள அலுமினியத் தட்டு சொருகியிருக்கும், அடியில காந்தம் ஒட்டறாப்பல வேற தகடு. அதத் தனியா வெய்யி. கிரைண்டரக் கல்லோட தூக்கித் தராசுல வெக்கலாம்னு ஒரு நெனப்பு ஓடுது உனக்கு, மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. வேண்டாம். கல்லு கருங்கல்லு, அவன் கண்ணு அத விடக் கருங்கல்லு. உள்ள இருக்கற டிரம்மு மட்டும்தான் எவர்சில்வரு.

கை கழுவற தொட்டி, பரிமாற மேசைத் தகடு, இட்லிக் கொப்பரை, அன்னக்கூடை, இதெல்லாம் ஒவ்வொண்ணாப் பாக்கோணும். உங்கம்மா கல்யாணத்துக்கு நான் வரிசையா வெச்ச சாமானம் அட்டாலியில இருக்குமே, அது பெரும்பாலும் 304-தான். அப்பெல்லாம் நிக்கல் கொறஞ்ச தகடு இப்படிப் பெருகல. 1981-ல சேலம் உருக்காலையில தகடு ஓட ஆரம்பிச்ச பொறவு, அந்த முத்திரை வெச்ச பாத்திரத்தத் தேடித் தேடி வாங்குன காலம் அது. அதுக்கு மாறா, பழைய பட்டுச் சேலையப் போட்டுட்டு உங்காத்தா வாசல்ல வாங்குன பக்கெட்டு இருக்குது பாரு, அதத் தூக்குனாக் காத்துல பறக்கும். அத ஜே4 குமியில போடு. உங்காத்தாளுக்குச் சொல்லாதே.

பிரிச்சாச்சு. இப்ப வெல. மூணு கடைக்குப் போனப் போட்டு, "304 தனியா, 202 தனியா, என்ன போடறீங்"ன்னு கேளு. எவர்சில்வரு என்ன வெலைன்னு கேட்டா எதுத்தாப்பல இருக்கறவன் உனக்கு வெல சொல்லுவான். சாதிய வெச்சுக் கேட்டா சாமானத்துக்கு வெல சொல்லுவான். "கொண்டாங் தம்பி, பாத்துப் போட்டுக்கலாம்"ங்கறவங்கிட்டப் போகாதே. வண்டியில இருந்து எறக்கறதுக்கு முந்தி வெலையப் பேசி முடி. எறக்கி வெச்சுட்டுப் பேசுனா, மறுக்கா ஏத்தற கூலிய அவன் மனசுக்குள்ள கூட்டி வெச்சுக்கிட்டுத்தான் பேசுவான்.

"மார்க்கெட்டு எறங்கிப் போச்சுங்"ம்பான். நிசமாவே எறங்கியிருக்கும். லண்டன்ல 1877-ல இருந்து ஒரு உலோகச் சந்தை நடக்குது, அங்க நிக்கல் ஏறி எறங்கறதுதான் கடைசியில இங்க வந்து சேரும். இந்தோனேசியாக்காரன் நிக்கலத் தோண்டிக் கொட்டறான், உலகத்துல தோண்டறதுல பாதிக்கு மேல அவனுது. அதுல வெல படுத்துக்கிச்சு. இதெல்லாம் கடைக்காரன் கையில இல்ல. ஆனா 2022 மார்ச் 8-ந் தேதி அதே லண்டன்ல நிக்கல் டன்னுக்கு ஒரு லட்சம் டாலரத் தாண்டி ஓடுச்சு. சந்தையவே நிறுத்தி, அன்னைக்கு நடந்த யாவாரத்தையும் செல்லாதுன்னுட்டாங்க. அந்த வாரம் நம்மூரு இரும்புக்கடையில போய், "மார்க்கெட்டு ஏறிப் போச்சாமுங்களே"ன்னு கேட்டிருந்தா, "அதெல்லாம் லண்டன்லங் தம்பி"ன்னிருப்பான். எறங்குனா லண்டன் பக்கத்தூரு, ஏறுனா தூரதேசம். போன்ல நிக்கல் வெலையப் பாத்துட்டுப் போ. பாத்தேன்னு காட்டிக்கவும் செய்.

தராசுக்கு வருவம். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருசா வருசம் முத்திரை போடோணும், 2009 எடையளவுச் சட்டத்து விதி அப்படித்தான் சொல்லுது. நம்ம மாநிலத்துல தொழிலாளர் துறை ஆளுகதான் அதப் பாக்கறது. முத்திரை எங்கன்னு கேட்டா சண்டைக்கு வந்தாப்பல இருக்கும். அதனால நீ வீட்டுல எடை பாத்துட்டுப் போய், "அண்ணா, மெஸ்ஸு சோறு உட்டு எளச்சுட்டனாட்டம் இருக்குதுங், ஒரு நிமிசம்"ன்னு அவன் தராசு மேல ஏறி நில்லு. வீட்டுல எழுவத்திரண்டு, அங்க அறுவத்தாறுன்னு காட்டுச்சுன்னா, "அடடே, இத்தன எளச்சுட்டனா"ன்னு எல்லாத்துக்கும் கேக்கறாப்பலச் சொல்லு. புரிஞ்சுக்குவான். ரெண்டு லிட்டரு தண்ணி பாட்டில வெச்சுப் பாக்கறதெல்லாம் பத்தாது. சில தராசு ரெண்டு கிலோவுல சத்தியவான், அம்பது கிலோவுலதான் புத்தி மாறும். வெறும் தராசு சைபர்ல நிக்குதான்னு ஒவ்வொரு தடவையும் பாரு. சாக்கோட எடை போட்டா வெறுஞ் சாக்க அப்பறம் வெச்சுக் கழிக்கச் சொல்லு, அவன் வாயில வந்த "ரெண்டு கிலோ சாக்குங்"க நம்பாதே. ஒவ்வொரு குமிக்கும் எடைய நீயே எழுதிக்கோ. சீட்டு எழுதித் தரச் சொல்லு. நெறையச் சாமானம்னா அவனும் உன்கிட்ட அடையாள அட்டை கேப்பான். கொடு, திருட்டுச் சாமானம் வந்து சேந்தா போலீசு அவன் வாசல்லதான் நிக்கும்.

எடை போடற போதே இன்னொண்ணு கவனிக்கோணும். நசுங்காத தூக்குப்போசி, மூடியோட இருக்கற டப்பா, கனமான வட்டல், இதெல்லாம் குமிக்குப் போகாது. பேசிக்கிட்டே ஒவ்வொண்ணா எடுத்துப் பின்னால நெழல்ல வெப்பான். மத்ததெல்லாம் வெயில்ல கெடக்கும், அது மட்டும் நெழல்ல. நெழல்ல இருக்கறது ஒலைக்குப் போறதில்ல, ஞாயித்துக்கெழமைச் சந்தைக்குப் போகுது, கிலோவுக்கில்ல, உருப்படிக்கு வெல. அதுல 'அன்பளிப்பு'ன்னு பேரு வெட்டுனது இருந்தாக்கூடத் தேச்சு எடுத்துட்டு வித்துருவாங்க. அத நீயே தனியா விக்கலாம். மெஸ்ஸு ஆரம்பிக்கறவன் எவனாவது இருப்பான், அவனுக்கு உன்ற வட்டலும் டம்ளரும் கிலோ வெலைய விடக் கூடத்தான் பெறும்.

ஆனா ஒண்ணு. ஏழெட்டுக் கிலோவுக்கு இந்தக் கூத்தெல்லாம் கட்டாதே. எட்டுக் கிலோவுக்குக் கிலோவுக்கு அஞ்சு ரூபா கூட வாங்குனா நாப்பது ரூபா. நாலு கடை சுத்துன பெட்ரோலுக்குப் பத்தாது. அதுக்குத் தெருவுல வர்ற வண்டிக்காரனே போதும். அவன் வெயில்ல தள்ளிக்கிட்டுப் போறான், அவங்கிட்ட வாங்கற கடைக்காரன் ஒரு லாபம் வெக்கோணும், அவங்கிட்ட வாங்கற யார்டு ஒண்ணு வெக்கோணும், அப்பறம்தான் ஒலை. கடைக்காரன் கள்ளன்னு நான் சொல்லவேயில்ல. வாடகை, ஆள் கூலி, மழ வந்தா நனையற சரக்கு, வெல எறங்குனா நட்டம், எல்லாம் அவன் தலையில. நியாயமான லாபத்த அவன் வெச்சுக்கட்டும். நாம தூங்கிக்கிட்டே கொடுக்கற லாபம்தான் வேண்டாங்கறேன். நீயும் அண்டாவுக்கடியில களிமண்ண அப்பிட்டுப் போய் உன்ற பவுசக் காட்டாதே. அவன் சுண்டிப் பாத்தே சொல்லிருவான்.

மெஸ்ஸு சாமானம் ஒரு வேனு இருக்குது, உனக்கு யார்டுதான் லாயக்கு. நாளைக்குப் பொழுதோட வண்டிய இங்க கொண்டாந்து நிறுத்து, பட்டறைத் திண்ணையில கொட்டி நானே பிரிச்சுத் தரேன். அந்தப் பெரிய சாம்பார் அண்டாவ மட்டும் இங்கயே எறக்கிரு, அத யார்டுக்குக் கொண்டு போக வேண்டாம். கனத்த தகடு, எனக்கு ஒரு வேலைக்கு ஆகும். சும்மா வேண்டாம், எடை போட்டுக் காசு கொடுத்தர்றேன், தாத்தன் பேரன்னாலும் கணக்கு கணக்குத்தான். தராசு உள்ள இருக்குது. முத்திரை எப்பப் போட்டதுன்னெல்லாம் கேட்டுட்டு நிக்காதே. அதுக்கு மேல ஏறியும் நிக்காதே, வயசான தராசு, தாங்காது.